கடவுளின் அன்பும் ஏரிக்கரைப் பாடையும்

அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: துன்பம் வரும்போதுதான் கடவுளுடைய அன்பை நாம் அதிகமாக நம்ப வேண்டுமாம். சந்தேகம் என்பது சாத்தான் வேலையாம். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பூசைக்குப் பணம் கட்டியவள் என்பதால் அன்றைக்கு மட்டும் முன்வரிசை. மற்ற நாட்களில் எங்கள் தெருச் சனங்களுக்குக் கோயிலின் இடதுபக்கத் தாழ்வாரம்தான். அங்கே எவரும் பலகை எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே மூன்று தலைமுறையாக எல்லோரும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

சாமியார் எந்தத் துன்பத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்ததை, ஒன்றரை வருசம் அவள் படுத்துக் கிடந்ததைச் சொன்னார். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. முப்பது நாளைக்கு முந்தி அம்மா கோயிலுக்குப் போன வழியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் கோயிலுக்கு நேர்வழி ஊர்த்தெரு. நடந்தால் பத்து நிமிசம். எங்கள் தெருப் பிணம் அந்த வழியாகப் போகக்கூடாது. ஏரிக்கரை ஏறி, கரும்புக் கொல்லை ஓரமாகச் சுற்றி, பின்வாசலுக்கு வரவேண்டும். கோயிலுக்குச் சொந்தமான சாவு வண்டி ஒன்று இருக்கிறது. அதுவும் எங்களுக்குக் கிடையாது. அம்மா செத்தது ஐப்பசி அடைமழையில். கரையெல்லாம் சேறு. தூக்கிய பையன்களில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். பெட்டி சாய்ந்தது. அம்மாவின் கையில் சுற்றியிருந்த செபமாலை சேற்றில் விழுந்து, என் தம்பி அதைக் கையால் துழாவி எடுத்தான். நனைந்து, சேறு அப்பி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாமியார் ஊர்த்தெரு வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று முப்பது நாள் யோசித்தேன். அதற்குள் அவரே பிரசங்கம் வைத்துவிட்டார். சந்தேகப்படாதே என்று.

சாமி, யார் உங்களிடம் கடவுளைச் சந்தேகப்பட்டது? நாங்கள் சந்தேகப்பட்டது உங்களை. ஊர்த்தெருவை அடைத்து நின்றவர்களை. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒரே அப்பத்தை நன்மையாக வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை எங்கள் பிணத்துக்கு வழிவிடாதவர்களை. இந்தச் சந்தேகத்தைத்தான் நீங்கள் நைசாக எடுத்துக் கடவுள் தலையில் வைத்து, கடவுளைச் சந்தேகப்படுவது பாவம் என்கிறீர்கள். கேள்வி உங்களிடம் வருகிறபோதெல்லாம் அவரை முன்னால் தள்ளிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள்.

நம்பிக்கை என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் கொஞ்சம் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்க்கவேண்டும். என் ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவள். வீட்டில் ஓர் அந்தோணியார் படம் இருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால், களத்தில் கூலி பாக்கி நின்றால், ஆயா அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிடுவாள். "எம்புள்ள எந்திரிச்சி கஞ்சி குடிக்கட்டும். அப்பறமா உம் மூஞ்சியப் பாக்கறேன். அதுவரிக்கும் செவுத்தப் பாத்துக்கினு கெட" என்பாள். மறுநாளும் அந்தத் திருப்பி வைத்த படத்தின் முன்னால்தான் விளக்கு வைப்பாள். திட்டிக்கொண்டே வைப்பாள். இதற்குப் பெயர் அவநம்பிக்கையா? சொந்தக்காரனிடம்தான் இப்படிச் சண்டை போட முடியும். பண்ணைக்காரனிடம் ஆயா ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. அவனிடம் குனிந்து, கைகட்டி, "சரிங்க சாமி" என்றுதான் நின்றாள். பயம் இருந்த இடத்தில் பணிவு. உரிமை இருந்த இடத்தில் சண்டை. நீங்கள் கேட்கிற விசுவாசம் இதில் எது? ஆயா பண்ணைக்காரனுக்குக் காட்டிய பணிவைக் கொண்டுபோய்க் கடவுளுக்குக் காட்டச் சொல்கிறீர்கள்.

இன்னும் பின்னால் போவோம். எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்தது தாது வருசப் பஞ்சத்தில் என்று ஆயா சொல்வாள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் சனங்கள் லட்சம் லட்சமாகச் செத்த பஞ்சம். கஞ்சித்தொட்டி வைத்த மிஷனுக்குப் போய் எங்கள் முப்பாட்டன் ஞானஸ்நானம் வாங்கினான். இதைச் சொல்லித்தான் எங்களைக் 'கூழுக்கு மாறியவர்கள்' என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். இந்துமதக் காவலர்களும் பேசுகிறார்கள், எங்களுக்கு முந்தியே வேதத்துக்கு வந்துவிட்ட மேல்சாதிக் கிறித்தவர்களும் பேசுகிறார்கள். பேசட்டும். பசித்தவனுக்குக் கூழ் ஊற்றியவனை அவன் நம்பினான். இதில் கேவலம் எங்கே இருக்கிறது? அதே பஞ்சத்தில் மிராசுதாரன் வீட்டுக் குதிரில் நெல் இருந்தது. அவன் கும்பிட்ட சாமிக்கு நைவேத்தியமும் நிற்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அன்பு என்கிற சொல் ஆரம்பத்திலேயே கஞ்சியோடு சேர்ந்து வந்தது. கஞ்சி இல்லாத, வழி இல்லாத, கல்லறையில் இடம் இல்லாத வெறும் அன்பு எங்கள் முப்பாட்டனுக்குத் தெரியாது. அது பிற்பாடு நீங்கள் கண்டுபிடித்தது.

கண்டுபிடித்த கதை நீளமானது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசி போலக் காவி கட்டி, மேல்சாதிக்குத் தனியாக வேதம் சொன்னார். பூணூலும் குடுமியும் இருக்கட்டும் என்று 1623இல் ரோமாபுரியே அனுமதி கொடுத்தது. பிறகு மேல்சாதிக்கு ஒரு குரு, எங்களுக்கு ஒரு குரு என்று ஆனது. வடக்கன்குளத்தில் சாதி வாரியாகப் பிரிந்து உட்காருவதற்கென்றே கால்சட்டை மாதிரி இரண்டு காலாகக் கோயில் கட்டினார்கள். உள்ளே இருந்த தடுப்பை 1910இல் இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் சுவர். செத்தவன் எழுந்து போய் அடுத்தவனைத் தீண்டிவிடுவான் என்ற பயம் போலிருக்கிறது. உயிர்த்தெழுதலில் அவர்களுக்கு இருக்கிற விசுவாசத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்!

எறையூரில் எங்கள் சனங்கள் கேட்டது என்ன? தேவாலயத்துக்குப் போகும் வழியில் எங்கள் பிணம் போகவேண்டும், கோயிலுக்குள் சமமாக உட்காரவேண்டும், அது முடியாது என்றால் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. பெயர்தான் வேறு, எறையூர்ப் பாடையும் எங்கள் ஊர்ப் பாடையும் போகிற வழி ஒன்றுதான்.

மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமாபுரிக்குப் போனபோது, கிறித்தவர்களுக்கு நடுவில் சாதிப் பாகுபாடு இருப்பது மனித ஒற்றுமைக்கே எதிரானது என்று போப் இரண்டாம் யோவான் பவுல் முகத்துக்கு நேராகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தானே ஒத்துக்கொண்டது. தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பங்குச் சாமியாரும் தனியாகப் பார்த்தால் ஒத்துக்கொள்வார். "என்னம்மா பண்றது, ஊரு அப்பிடி. செபம் பண்ணுங்க" என்பார். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பரிகாரம் செய்யவேண்டும் என்று எங்களுக்கு ஏழு வயசிலேயே சொல்லிக் கொடுத்தது யார்? நீங்கள்தானே?

இனி சர்க்கார் பக்கம் வருகிறேன். இங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை.

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. 2004இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கு மேல் ஆணையம். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோரில் வைத்திருக்கிறார்கள். யாரோடு போட்டி போடச் சொல்கிறார்கள்? எங்கள் பிணத்தைத் தெருவில் விடாதவர்களோடு.

இதற்கு எங்கள் சனம் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. அதை எல்லோரும் அறிவார்கள், யாரும் எழுதுவதில்லை. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை மரியாள், திங்கட்கிழமை மாரியம்மாள். அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். அநியாயமான சட்டத்திடம் உண்மை பேசவேண்டிய கடமை பசித்தவனுக்கு இல்லை. எனக்கும் அப்படி ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று பதினேழு வயசில் அம்மாவிடம் கெஞ்சினேன். கிராம நிர்வாக அலுவலர்கூடத் தயாராகத்தான் இருந்தார்.

அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "இராயப்பரு மூணு தடவ மறுதலிச்சாரு. அவரு பெரியவரு, தாங்குவாரு. என்னால ஒரு தடவகூட ஆவாது" என்றாள்.

நான் எம்.ஏ. தமிழ் முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதினேன். நான்கு மார்க்கில் போனது. பட்டியல் சாதிக் கணக்கில் அந்த மார்க்குக்கு வேலை கிடைத்திருக்கும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "உன் சாமி எனக்குச் சோறு போடுமா?" என்று கேட்டேன். அம்மா பதில் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு போட்டது அம்மாதான். அந்த மாசம் அவள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல வருசம் நான் கோயில் பக்கம் போகவில்லை. இயக்கத்துக்கு வந்தேன், மேடையில் பேசினேன், எழுதினேன். கடவுள் அன்பே உருவானவர் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவின் பிணத்தை வழிமறித்தவர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் கீழ்ப் புகார் எழுதப் போனேன். எடுக்க முடியாது என்றார்கள். ஏன்? அந்தச் சட்டம் பட்டியல் சாதியினருக்கு. அம்மா கிறித்தவள். அவள் பறச்சி என்பதால் தெருவில் விடவில்லை. அவள் கிறித்தவள் என்பதால் வழக்கு எடுக்கவில்லை. தெருவுக்குத் தெரிந்த அவள் சாதி சட்டத்துக்குத் தெரியவில்லை. கடவுளின் அன்பை நம்பியதற்கு அம்மா கொடுத்த விலை இது. மகளின் வேலை, தன் சாவுக்கு நியாயம், இரண்டும். இந்த விலையில் கால் பங்குகூடக் கொடுக்காத ஒருவர் மின்விசிறிக்கு அடியில் நின்று அவளுக்கான பூசையிலேயே நம்பிக்கையைப் பற்றிப் போதிக்கிறார்!

அன்று அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் யோபு. யோபுவின் பொறுமையைப் பாருங்கள் என்றார். நான் தமிழ் படித்தவள். ஒரு பிரதியை முழுசாகப் படிக்காமல் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவின் பைபிளை எடுத்து யோபு ஆகமத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். யோபு பொறுமையாக இருப்பது முதல் இரண்டு அதிகாரம். அப்புறம் மனுசன் கத்துகிறான். பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். வந்து உட்கார்ந்த நண்பர்கள்தான் கடவுளுக்கு வக்கீலாகப் பேசுகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், வாயை மூடு, நம்பு என்கிறார்கள். கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார்? அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதுதான் சரி என்கிறார். சாமியார் கடைசி அதிகாரம் வரைக்கும் போயிருந்தால் அந்தக் கதையில் தன் இடம் எது என்று தெரிந்திருக்கும். சிலுவையில் தொங்கியவரும் சும்மா தொங்கவில்லை. என்னை ஏன் விட்டுவிட்டாய் என்று அப்பனிடமே கேட்டுவிட்டுத்தான் செத்தார். அதுவும் சாத்தான் வேலையா?

இது கிறித்தவத்தோடு நிற்கிற விசயமில்லை. எம்.ஏ. வகுப்பில் பெரிய புராணம் நடந்தது. சுந்தரர் இரண்டு கண்ணும் போனபோது சிவனோடு சண்டை போடுகிறார், குத்திக் காட்டிப் பாடுகிறார். அது தோழமை பக்தி, தம்பிரான் தோழர் என்று பேராசிரியர் உருகினார். அடுத்த வாரம் திருநாளைப்போவார் புராணம். நந்தன் திருப்புன்கூரில் வெளியே நிற்கிறான். நந்தி விலகுகிறது, நந்தன் உள்ளே போகவில்லை. சிதம்பரத்தில் நெருப்பில் இறங்கின பிறகுதான் உள்ளே போகிறான். நந்தன் ஒரு வார்த்தை சண்டை போட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. மேலே இருப்பவன் கடவுளோடு சண்டை போட்டால் அது இலக்கியம். கீழே இருப்பவன் வாயைத் திறந்தால் அது அவநம்பிக்கை. அவனுக்கு விதிக்கப்பட்டது பொறுமையும் நெருப்பும். எங்கள் சாமியாரின் பிரசங்கமும் பேராசிரியரின் உருக்கமும் ஒரே இடத்தில்தான் பிறந்தன.

நெருப்பு என்றதும் இன்னொன்று. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது 1968 டிசம்பர் 25 ராத்திரி. மாட்டுக் கொட்டிலில் கடவுள் பிறந்ததாக ஊரெல்லாம் குடில் கட்டிக் கும்பிட்ட அதே ராத்திரி. எங்கள் ஊரில் வருசா வருசம் கிறிஸ்துமஸ் பூசை கேட்டிருக்கிறேன். ஒரு பிரசங்கத்தில்கூட வெண்மணி என்ற சொல் வந்ததில்லை. வைக்கோல் குடிலைக் காட்டி அன்பைப் போதிப்பவர்கள் வெந்துபோன குடிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியும் என்றால், அவர்கள் போதிப்பது யாருடைய அன்பு?

இனி நம் தோழர்களுக்கு. நான் இதுவரை எழுதியதைப் படித்துக் கைதட்டத் தயாராக இருப்பவர்களுக்கு.

கடவுளையே தூக்கிப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பீர்கள். அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார். பாபாசாகேப் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் கடவுள் இல்லாத தம்மத்தை ஏற்றார். அவர்கள் போன வழியின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அந்த வாசலில் நானும் நின்றிருக்கிறேன். அம்மா நம்பிய மாதிரி இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. கடவுள் எங்களை நேசிக்கிறாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் "உங்கம்மா பிழைக்கத் தெரியாதவங்க" என்று ஒரு தோழர் சாவு வீட்டில் வைத்தே சொன்னார். தோழரே, ஒரு கூலிக்காரி சர்க்காரும் திருச்சபையும் சேர்ந்து பொய் சொல்லச் சொன்னபோது சொல்லமாட்டேன் என்றாள். அவள் எதை நம்பி அப்படி நின்றாளோ அதை நீங்கள் ஏற்க வேண்டாம். அவள் நின்றதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க உங்களுக்கும் எனக்கும் என்ன தகுதி? சாமியார் அவள் நம்பிக்கையை எடுத்து அவள் வாயை அடைக்கிறார். நீங்கள் அவள் நம்பிக்கையைக் காட்டி அவளுக்கு அறிவில்லை என்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அம்மா கடைசி மாசங்களில் ரொம்பப் பேசினாள். வலி தாங்காத ஒரு ராத்திரி, "இப்பிடியாய்யா பண்ணுவ" என்று யாரையோ கேட்டாள். என்னையில்லை. விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். அது செபமா சண்டையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய சந்தேகத்தை நான் என் காதால் கேட்டேன். அதைச் சாத்தான் வேலை என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

ஆகவே சாமிமார்களுக்கும் ஆயர்களுக்கும் சொல்வது இதுதான். துன்பத்தில் கடவுளின் அன்பை நம்புங்கள் என்ற பிரசங்கத்தைச் சேரிக்கு வைப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். அதைப் போய் ஊர்த்தெருவில் வையுங்கள். கடவுளின் அன்பை நம்புகிறவன் ஒரு பாடைக்கு ஏன் பயப்படுகிறான் என்று அங்கே கேளுங்கள். கல்லறைச் சுவரை இடியுங்கள். சாவு வண்டியை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். தேர்த் திருவிழாவுக்கு எங்களிடமும் வரி வாங்குங்கள், தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும். வழிவிடாத ஊருக்குப் பூசை கிடையாது என்று ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலைப் பூட்டிக் காட்டுங்கள். இத்தனை நூறு வருசத்தில் எங்கள் பங்கில் ஒருநாள் அப்படி நடந்ததில்லை. நம் சனங்களுக்குச் சொல்வது: உங்கள் சந்தேகத்தை வீட்டுக்குள் முணுமுணுக்காதீர்கள். கோயிலுக்குள், எல்லோர் காதிலும் விழும்படி, எழுந்து நின்று கேளுங்கள். ஆயா படத்தைத் திருப்பி வைத்தது வீட்டுச் சுவரில். நாம் கோயிலில் திருப்பி வைப்போம்.

அம்மாவின் வருசத் திவசம் வரும் ஐப்பசியில். அன்றைக்கு அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருப் பெண்கள் ஊர்த்தெரு வழியாகக் கோயிலுக்கு நடப்பது என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். ஆயருக்கு எழுதியாகிவிட்டது. காவல் நிலையத்துக்கும் எழுதியாகிவிட்டது. எங்கள் சாமியாரிடம் நேரில் போய்ச் சொன்னேன்: "சாமி, நீங்க எங்களுக்கு முன்னால நடக்கணும். மோட்டார் சைக்கிள் வேணாம்." பார்க்கலாம் என்றார்.

காலை ஏழு மணிக்கு எங்கள் தெருமுனையில் இருந்து கிளம்புகிறோம். கடவுளின் அன்பை நம்புகிறவர்கள் வரலாம். நம்பாதவர்களும் வரலாம்.